உதவி: அப்பா உயிலுக்கு புரொபேட் போட்ட வக்கீல் ஃபோனே எடுக்க மாட்டேங்கிறார்

தண்டையார்பேட்டை மகள்
அவசரம். உயில் செல்லும்னு கோர்ட் உறுதி செய்யற புரொபேட்டுக்காக அப்பா உயிலை வக்கீல்கிட்ட கொடுத்து ஒன்றரை வருஷம் ஆச்சு. நாலு மாசமா ஃபோன் எடுக்கல. வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும் வருது. ஆபீஸ் போனா ஜூனியர் "கோர்ட்ல இருக்கு மேடம்"னு அனுப்பிடறார். வக்கீலை மாத்தினா கேஸ் முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?

ராயபுரம் கட்டு
மேடம், கேட்ட கேள்விக்கு முன்னாடி நாலு விஷயம் சொல்லுங்க. மனுவை ஏத்துக்கிட்டா தர்ற ஓ.பி. நம்பர் விழுந்துச்சா, தாக்கல் பண்ணினதும் தர்ற தற்காலிக எஸ்.ஆர். நம்பரோட நிக்குதா? உயிலை நிறைவேத்த அப்பா நியமிச்ச எக்ஸிக்யூட்டர் யாரு? ஒரிஜினல் உயில் யார் கையில? கூடப் பிறந்தவங்க சம்மதம்னு கன்சென்ட் அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) கொடுத்தாங்களா?

கொருக்குப்பேட்டை
கன்ஸ்யூமர் கோர்ட்ல போடுங்க. காசு வாங்கிட்டு வேலை செய்யாதது சேவைக் குறைபாடு.

மூத்த உறுப்பினர்
தம்பி, எல்லா இழையிலும் இதையே எழுதுகிறீர்கள். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படித்துவிட்டு எழுதுங்கள்.

வியாசர்பாடி 39
இந்த அலைச்சலே வேணாம். வாரிசுரிமைச் சட்டத்துல புரொபேட் கட்டாயம்னு சொன்ன 213-வது பிரிவையே 2025 டிசம்பர்ல எடுத்துட்டாங்க. கேஸை வாபஸ் வாங்கிட்டு உயிலை வெச்சே பேர் மாத்திக்கலாம்.

ராயபுரம் கட்டு
அண்ணே, போனது கட்டாயம் மட்டும்தான், புரொபேட் இல்ல. நாளைக்கு வீட்டை விக்கப் போனா வாங்குறவரோட வக்கீல் கேட்கலாம், பேங்க்ல பெரிய தொகை இருந்தா அவங்களும் கேட்கலாம். அதோட உயில் எங்க இருக்குன்னே தெரியாம எதை வெச்சு பேர் மாத்துறது?

வியாசர்பாடி 39
கேட்கலாம்னா கேட்டே தீருவாங்கன்னு அர்த்தமா? அண்ணன் தம்பி தகராறு இல்லாத வீட்டுக்கு எதுக்கு?

மூத்த உறுப்பினர்
தகராறு இல்லை என்று அந்தப் பெண் எங்கே சொன்னார்? சொல்லாததை நீங்களே சேர்த்துக்கொள்கிறீர்கள்.

தண்டையார்பேட்டை மகள்
எக்ஸிக்யூட்டர் நான்தான். அண்ணன் துபாய்ல, அவருக்கு சம்மதம். நம்பர் எதுவும் தரல, ரசீதும் இல்ல. உயில் ரிஜிஸ்டர் பண்ணினதுதான். ஒரிஜினல் அவர்கிட்ட கொடுத்தேன்.

ராயபுரம் கட்டு
இப்பதான் பிடி கிடைச்சது. முதல்ல ஈ-கோர்ட்ஸ் தளத்துல ஹைகோர்ட் பக்கம் போய் உங்க பேரு, அப்பா பேரு ரெண்டையும் போட்டுத் தேடுங்க. இனிஷியலை முன்னாடியும் பின்னாடியும் மாத்திப் பாருங்க. வரலைன்னா அடையாள அட்டையோட நேர்ல போய் நேரா ஹைகோர்ட்லயே போடுற கேஸ்களைப் பார்க்கிற ஒரிஜினல் சைடு செக்ஷன்ல விசாரிங்க. வண்ணாரப்பேட்டை, மண்ணடி தாண்டினா ஹைகோர்ட் மெட்ரோ, அங்க இறங்கினா போதும்.

என் கணிப்பு, பேப்பர் ரிட்டர்ன் ஆகியிருக்கும். தாக்கல் பண்ணினதுல குறை இருந்தா கோர்ட் அலுவலகமான ரெஜிஸ்ட்ரி கேஸ் கட்டைத் திருப்பித் தரும், அது வக்கீல் ஆபீஸுக்குத்தான் போகும். கெடுவுக்குள்ள சரிபண்ணி திரும்பப் போடலைன்னா தாமதத்தை மன்னிக்கச் சொல்லி தனி மனு வேணும். ஜூனியருங்க அந்தக் கட்டை அலமாரியில வெச்சுட்டு "கோர்ட்ல இருக்கு"ம்பாங்க. சாட்சி அஃபிடவிட் இல்லாதது, சொத்து மதிப்புப் பட்டியல் சரியில்லாதது, வாரிசுங்கள்ல ஒருத்தர் விட்டுப்போனது, இதெல்லாம் வழக்கமான குறைங்க.

அப்புறம் வக்கீலுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. திட்டாதீங்க. எஸ்.ஆர். நம்பர், ரிட்டர்ன் ஆன தேதி, உயில் இருக்கும் இடம், கட்டைத் திருப்பித் தரும் நாள் மட்டும் கேட்டு, பத்து நாள் கெடு வைங்க.

வக்கீலை மாத்தினா கேஸ் முதல்ல இருந்து போகாது, விட்ட இடத்துலேயே தொடரும். பழையவர் 'ஆட்சேபணை இல்லை'ன்னு எழுதிக் கொடுத்தா புது வக்கீலை நியமிக்கிற வக்காலத்து போட்டுடலாம். கொடுக்கலைன்னா கோர்ட்ல அனுமதி மனு. ஃபீஸ் பாக்கின்னு கட்டைப் பிடிச்சு வைக்க அவருக்கு உரிமை இல்லை, 2000-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு.

கொருக்குப்பேட்டை
அப்போ பார் கவுன்சில்ல புகார் கொடுக்கட்டும். ஹைகோர்ட் வளாகத்துலேயேதான் இருக்கு.

ராயபுரம் கட்டு
அது வக்கீல்கள் சட்டம் 35-வது பிரிவுல ஒழுங்கு நடவடிக்கை, முடிக்க ஒரு வருஷ கெடு. உயிலை வாங்கித் தராது. முதல்ல கட்டு கைக்கு வரட்டும்.

உயிலே தொலைஞ்சிருந்தாலும் வழி உண்டு. சார்பதிவாளர் ஆபீஸ்ல சான்றிட்ட நகல் வாங்கி, வாரிசுரிமைச் சட்டம் 237-வது பிரிவுல நகலுக்கே புரொபேட் கேட்கலாம். ஒரிஜினல் தொலைஞ்சதை நிரூபிக்கணும், அதனால கொடுத்ததுக்கான வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீங்க. அண்ணன் கன்சென்ட்ல துபாய் இந்தியத் துணைத் தூதரகத்துல அத்தாட்சிக் கையெழுத்து வாங்கணும்.

ஒண்ணு ரொம்ப முக்கியம். உயில்ல சாட்சிக் கையெழுத்துப் போட்ட ரெண்டு பேரும் இருக்காங்களா? வயசானவங்கன்னா அவங்க அஃபிடவிட்டை இந்த வாரமே வாங்குங்க. தாமதத்துக்கு மன்னிப்பு கிடைக்கும், போன சாட்சி திரும்ப வரமாட்டார்.

தண்டையார்பேட்டை மகள்
விசாரிச்சுட்டேன், எஸ்.ஆர். நம்பர் மட்டும்தான் இருக்கு. ரிட்டர்ன் ஆகி ஏழு மாசம். லெட்டர் போய்ச் சேர்ந்த மறுநாளே ஜூனியர் கூப்பிட்டார். நாளைக்கு கட்டு வாங்கப் போறேன். ஒரு சாட்சி மாமா, நல்லா இருக்கார். நன்றி.

ராயபுரம் கட்டு
வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி உயிலோட பக்கங்களை எண்ணிப் பாருங்க. பின்பக்க ரிஜிஸ்ட்ரேஷன் முத்திரையையும் சேர்த்து அங்கேயே ஃபோட்டோ எடுங்க. ரிட்டர்ன் சீட்டும் கட்டுல இருக்கணும், புது வக்கீல் முதல்ல கேட்கிறதே அதைத்தான்.