பால் தொழில்நுட்பப் படிப்புக்கு உதவித்தொகை: கட்டுரையில் என்ன எழுதுவது?

கேள்வி: இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விண்ணப்பத்தோடு 500 சொல் கட்டுரை கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் மாடு கிடையாது. வாய்ப்பு உண்டா?

பதில் 1: உண்டு. பதப்படுத்தல், தரக்கட்டுப்பாடு பக்கம் போகிறவர்களுக்கும் தருகிறார்கள். சிலது பண்ணைக் குடும்பத்துக்கு மட்டும் என்பதால், தகுதி விதியை வரி விடாமல் படியுங்கள். கட்டுரையை "சிறுவயது முதலே ஆர்வம்" என்று தொடங்காதீர்கள், படித்துப் படித்துச் சலித்திருப்பார்கள். ஆய்வகத்தில் செய்த ஒன்றை எடுங்கள். 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கிய பாலில் பாஸ்பட்டேஸ் சோதனை (பச்சைப்பாலில் உள்ள, சரியாகச் சூடாக்கினால் அழிந்துவிடும் நொதி மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது) பாசிட்டிவ் வந்தால், சூடு போதவில்லையா, பச்சைப்பால் கசிந்து கலந்ததா, எப்படிப் பிரித்தறிவீர்கள்? நாலு வரியில் இதைச் சொன்னாலே விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துவிடும்.

பதில் 2: பலரையும் கவிழ்ப்பது பரிந்துரைக் கடிதம்தான். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே பேராசிரியரிடம் கேளுங்கள். மதிப்பெண் பட்டியல், கட்டுரை வரைவு, ஆலைப் பயிற்சியில் செய்த வேலைகளின் குறிப்பு எல்லாம் கையோடு கொடுங்கள். வெறுங்கையோடு போனால் "நல்ல மாணவர்" என்று பொத்தாம்பொதுவாகத்தான் எழுதுவார்.

பதில் 3: தொகை உங்க கைக்கு வருமா, கட்டணத்தில் கழியுமான்னும் பாருங்க. கழியும்னா, ஏற்கெனவே வாங்குற சலுகையைக் கல்லூரி குறைக்கவும் கூடும். முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுடுங்க.