ஃபயர்வயர் கார்டு தெரிகிறது, ஆனால் பிரீமியரில் கேமரா ‘ஆஃப்லைன்’ (விண்டோஸ் 10)

பழையடேப்:
வணக்கம். சுமார் 40 மினிடிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் வீடியோ கேசட்) டேப்பை ஃபயர்வயர் (கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பழைய வயர் முறை) வழியாக கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், எல்லாம் பால் (PAL, விநாடிக்கு 25 ஃப்ரேம் வீடியோ முறை). பெரும்பாலும் சோனி பிடி170-ல் எடுத்த கல்யாண டேப். ஆறேழு மட்டும் சோனி எஃப்எக்ஸ்1-ல் ஹெச்டிவியாக (HDV, அதே டேப்பில் ஹெச்டி வீடியோ) எடுத்தவை. இரண்டு கேமராவும் நன்றாக ஓடுகின்றன.

சிஸ்டம்: விண்டோஸ் 10 64 பிட், 16 ஜிபி ரேம், பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு (சிப் மேல் வியா விடி6315என் என்று அச்சடித்திருக்கிறது). கேபிள் ஒரு பக்கம் 6 பின், கேமரா பக்கம் 4 பின்.

டிவைஸ் மேனேஜரில் கார்டு மஞ்சள் குறி எதுவும் இல்லாமல் நிற்கிறது. ஆனால் பிரீமியர் சிஎஸ்6-ல் (அடோபியின் எடிட்டிங் சாஃப்ட்வேர்) கேப்சருக்கு, அதாவது டேப்பை ஃபைலாக எடுக்க, எஃப்5 அழுத்தினால் ‘கேப்சர் டிவைஸ் ஆஃப்லைன்’. டாவின்சி ரிசால்வில் (இன்னொரு எடிட்டிங் சாஃப்ட்வேர்) கேமராவே காணோம். இந்தக் கார்டு இந்த சாஃப்ட்வேர்களுக்கு ஒத்துவராதா? டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் போட்ட கார்டு வாங்கணுமா?

ஸ்க்ரூடிரைவர்:
இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. ரிசால்வைக் கணக்கிலிருந்தே எடுத்துடுங்க. அது ஃபயர்வயரில் கேப்சர் செய்யாது, பிளாக்மேஜிக் கருவி இருந்தால்தான் கேப்சர். எந்தக் கார்டு போட்டாலும் அதே கதைதான்.

உங்க பிரச்சினை டிரைவரில் இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ் 7-ல் மைக்ரோசாஃப்ட் 1394-க்கு (ஃபயர்வயரின் இன்னொரு பெயர்) புது டிரைவர் கொண்டுவந்தது, பழையதும் ‘லெகசி’ என்ற பெயரில் கூடவே இருந்தது. விண்டோஸ் 8-லிருந்து லெகசியைத் தூக்கிட்டாங்க. பல டிவி (DV, மினிடிவி டேப்பின் டிஜிட்டல் வீடியோ; டெலிவிஷன் இல்லை) கேமராக்களும் பழைய கேப்சர் சாஃப்ட்வேர்களும் புது டிரைவரோடு தகராறு செய்யும். கார்டு ‘சரியாக வேலை செய்கிறது’ என்று காட்டும், கேமரா மட்டும் வராது.

லெகசி டிரைவரை மைக்ரோசாஃப்ட் தனி எம்எஸ்ஐ (இன்ஸ்டால் செய்யும்) ஃபைலாகக் கொடுத்திருக்கு. அதை ஓட்டினால் ஃபைல்களை புரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86) ஃபோல்டருக்குள் வைக்கும், அவ்வளவுதான். கார்டுக்கு டிரைவரை நாமதான் மாற்றணும். இங்கேதான் பாதிப் பேர் ‘இன்ஸ்டால் பண்ணியும் ஒண்ணும் ஆகலை’ என்று விட்டுடுறாங்க. டிவைஸ் மேனேஜரில் 1394 ஹோஸ்ட் கன்ட்ரோலரை ரைட் கிளிக் செய்து அப்டேட் டிரைவர், பிறகு ‘ப்ரௌஸ் மை கம்ப்யூட்டர்’, அடுத்து ‘லெட் மீ பிக்’. பட்டியலில் பெயரின் கடைசியில் ‘லெகசி’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்க. பட்டியலில் இல்லையென்றால் ‘ஹேவ் டிஸ்க்’ கொடுத்து அந்த ஃபோல்டரில் 64 பிட்டுக்கானதைக் காட்டுங்க. முடிந்ததும் ரீஸ்டார்ட்.

மாறியதா என்று பார்க்க: ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர், டிரைவர் டீட்டெய்ல்ஸ். ஃபைல் பெயரில் 1394 என்ற எண் முன்னால் இருந்து அதன் பின் ஓஹெச்சிஐ (ohci) வந்தால் புதுசு. ஓஹெச்சிஐ முன்னால், எண் பின்னால் என்றால் லெகசி.

25ஃப்ரேம்:
மேலே சொன்னதோடு இரண்டு விஷயம். பிடி170 விசிஆர் மோடில் (டேப்பை ஓட்டும் நிலை) இருக்கட்டும். பிரீமியர் ப்ரிஃபரன்ஸில் டிவைஸ் கன்ட்ரோல் ‘டிவி/ஹெச்டிவி’, அதன் ஆப்ஷன்ஸில் வீடியோ ஸ்டாண்டர்ட் பால். என்டிஎஸ்சி (பால் அல்லாத இன்னொரு வீடியோ முறை) என்று கிடந்தால் மாற்றுங்க.

கேபிள் விஷயத்தில் கொஞ்சம் பயம் இருக்கட்டும். 6 பின் முனையில் இரண்டு பின் மின்சாரத்துக்கு, 30 வோல்ட் வரை அனுமதி உண்டு. தேய்ந்த சாக்கெட்டில் தலைகீழாக அழுத்திச் செருகினால் அந்த மின்சாரம் டேட்டா பின்னில் ஏறி கேமராவின் டிவி போர்ட்டே போயிடும். கேமராவை ஆஃப் செய்து, முதலில் கம்ப்யூட்டர் பக்கம், பிறகு கேமரா பக்கம், கடைசியில் ஆன். 4 பின் முனைக்கு மின்சாரம் போகாது, அதனால் கார்டில் இருக்கும் பவர் சாக்கெட்டுக்கு வயர் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பழையடேப்:
லெகசி போட்டதும் பிடி170 உடனே வந்துவிட்டது, பிரீமியரிலிருந்தே பிளே, ரீவைண்ட் ஆகிறது. நன்றி! இப்போது மூன்று சிக்கல்: சில டேப்பில் டிராப் ஃப்ரேம் (நடுவில் ஃப்ரேம் விடுபடுவது) வருகிறது, எஃப்எக்ஸ்1 இன்னும் ஆஃப்லைன், இன்னொரு பழைய சாஃப்ட்வேரில் கேப்சர் செய்த ஃபைலை ரிசால்வில் போட்டால் சத்தம் இல்லை.

ஸ்க்ரூடிரைவர்:
டிராப்புக்கு டிஸ்க்கைத் திட்டாதீங்க. டிவி என்பது ஒலியெல்லாம் சேர்த்தே விநாடிக்கு சுமார் 3.6 எம்பி, மணிக்கு 13 ஜிபி. எந்த ஹார்ட் டிஸ்க்கும் தாங்கும். டேப் ஓடும்போது கேமராவின் எல்சிடியைப் பாருங்க. அதிலேயே கட்டம் கட்டமாக உடைந்தால் ஹெட் (டேப்பைப் படிக்கும் பாகம்) அழுக்கு, இல்லை டேப்பே போய்விட்டது. எல்சிடி சுத்தமாக இருந்து ஃபைலில் மட்டும் டிராப் என்றால் கம்ப்யூட்டர் பக்கம். பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ‘லிங்க் ஸ்டேட்’ மின்சேமிப்பை ஆஃப் செய்யுங்க, கேப்சர் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் தொடாதபடி விலக்கி வையுங்க. வருடக்கணக்கில் கிடந்த டேப்பை ஒருமுறை கடைசிவரை ஃபார்வர்ட், பிறகு ரீவைண்ட் செய்துவிட்டு பிளே செய்வதும் உதவும்.

சத்தம் இல்லாதது ஏவிஐ (வீடியோ ஃபைல் வகை) டைப் விவகாரம். டைப் 1-ல் ஒலி டிவி ஓடைக்குள்ளேயே கிடக்கும், டைப் 2-ல் தனி ஒலி ஓடையாகவும் இருக்கும். டைப் 1-ல் ஒலியைத் தேடத் தெரியாத சாஃப்ட்வேர் நிறைய. விண்டிவி என்ற இலவசக் குட்டி சாஃப்ட்வேரில் கான்ஃபிக் போய் டைப் 2 வைத்து எடுங்க. என் கருத்தில் மீதி 33 டிவி டேப்புக்கும் பிரீமியரை விட அதுதான் வசதி. பாலில் ஒரு மணி நேரம் 90000 ஃப்ரேம், எனவே அதிகபட்ச ஃபைல் அளவை 100000 என்று போடுங்க. டிஸ்க்கின் ஃபார்மட் என்டிஎஃப்எஸ் ஆக இருக்கணும். ஃபேட்32 என்றால் 4 ஜிபியில், அதாவது 18 நிமிடத்தில் நின்றுவிடும்.

25ஃப்ரேம்:
விண்டிவியில் ‘டிஸ்கன்டினியூட்டி’ 0 என்றால் டேப் முழுவதும் ஒரே ஃபைல். 1 என்றால் டேப்பில் பதிந்த தேதி நேரம் தாவும் இடத்திலெல்லாம் வெட்டும். கல்யாண டேப்பில் 1 வைப்பேன். காரணம், நடுவில் யாராவது ஒலியை 48 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12 பிட் 32-க்கு மாற்றியிருந்தால், ஒரே ஃபைலில் அந்த இடத்துக்குப் பிறகு ஒலி தாளம் தவறும். வெட்டி எடுத்தால் ஒவ்வொரு ஃபைலும் தன் கணக்கில் சரியாக இருக்கும்.

எஃப்எக்ஸ்1: கேபிளைக் கழற்றிவிட்டு மெனுவில் ‘விசிஆர் ஹெச்டிவி/டிவி’யை ஹெச்டிவி என்று வையுங்க, ‘ஐலிங்க் கான்வ்’ (ஹெச்டிவியை டிவியாக மாற்றி அனுப்பும் வசதி) ஆஃப். பிறகு கேபிளை மாட்டுங்க. பிரீமியர் ப்ராஜெக்ட் செட்டிங்கிலும் கேப்சர் ஃபார்மட் ஹெச்டிவி ஆகணும். டிவி என்று இருந்தால் கேமரா இருந்தும் ஆஃப்லைன் என்றுதான் சொல்லும். விண்டிவிக்கு ஹெச்டிவி தெரியாது. அதற்கு ஹெச்டிவிஸ்ப்ளிட் என்ற சாஃப்ட்வேர். கான்வ் ஆன் செய்தாலும் படம் வரும், ஆனால் 1440x1080 சுருங்கி 720x576 ஆகிவிடும்.

ரிசால்வில் டைம்லைனை ஃபைல் சேர்க்கும் முன்பே 25 ஃப்ரேம் வைத்துவிடுங்க, பிறகு மாற்ற விடாது. ஒவ்வொரு ஃப்ரேமும் ஒன்றுவிட்டு ஒரு வரியாக இரண்டு பாதி, அதுதான் ஃபீல்டு. டிவியில் கீழ் ஃபீல்டு முதலில், ஹெச்டிவியில் மேல் ஃபீல்டு முதலில். இரண்டையும் ஒரே டைம்லைனில் போட்டு கை வீசும் காட்சி சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் காரணம் இதுதான்.

மடிக்கணினி:
இடையில் ஒரு கேள்வி. கடையில் யூஎஸ்பி-ஃபயர்வயர் கேபிள் விற்கிறார்களே, லேப்டாப்புக்கு அது போதாதா? மேக் இருந்தால்?

ஸ்க்ரூடிரைவர்:
போதாது. அது வெறும் வயர், உள்ளே சிப் எதுவும் இல்லை. யூஎஸ்பி 2 480 மெகாபிட், ஃபயர்வயர் 400 என்று எண் பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு பாஷை. லேப்டாப்பில் எக்ஸ்பிரஸ்கார்டு துளை இருந்தால் அதற்கான கார்டு போடலாம். மேக்கில் தண்டர்போல்ட் 3-லிருந்து 2-க்கு ஒரு அடாப்டர், அதிலிருந்து ஃபயர்வயருக்கு இன்னொன்று. மேக்ஓஎஸ் 26-ல் ஃபயர்வயரையே எடுத்துட்டாங்க, எனவே 15-லேயே நிற்கணும்.

பழையடேப்:
எஃப்எக்ஸ்1 வந்துவிட்டது, ‘கான்வ்’ ஆன் ஆகத்தான் இருந்தது. டைப் 2-ல் சத்தமும் சரி. டிராப் வந்த டேப்பில் எல்சிடியிலேயே கட்டம் தெரிகிறது, ஆக ஹெட்தான். க்ளீனிங் கேசட் வாங்கியிருக்கிறேன். எவ்வளவு நேரம் ஓட்டுவது?

25ஃப்ரேம்:
10 விநாடி, ஸ்டாப், வெளியே எடுங்க. ரீவைண்ட் செய்யக் கூடாது. பிறகு ஒரு நல்ல டேப்பைப் போட்டுப் பாருங்க. சரியாகவில்லையென்றால் இன்னொரு 10 விநாடி. அதற்கு மேல் ஓட்டினால் ஹெட் தேயும்.