பரண் அடக்கமா, பரணிடுகையா, கழுதா?

வணக்கம். வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடியினரான லக்கோட்டா மக்களின் ஈமமுறையைக் காட்டும் 19ஆம் நூற்றாண்டு ஒளிப்படங்களுக்குக் குறிப்பு எழுதுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அக்காலத்தில் அவர்கள் நான்கு கவைக்கால் நட்டு, 7-8 அடி உயரத்தில் கழி பரப்பி, நீர் புகாதபடி சுற்றிய உடலை அதன்மேல் கிடத்துவார்கள். இதற்கு ‘பரண் அடக்கம்’, உடன் வைப்பவற்றுக்கு ‘ஈமப்பொருள்’ எனலாமா?

----
> பரண் அடக்கம்

அடக்கம் என்றால் மண்ணுக்குள் என்றே படிப்பவர் கொள்வார். மணிமேகலையில் சுடுவோர், இடுவோர், தொடுகுழிப் படுப்போர் எல்லாரும் வேறு வேறு. வெளியில் விடுவது இடுதல். ‘பரணிடுகை’ என்போம்.

----
இடுகை வலைப்பதிவுக்குப் போய்விட்டது, ஐயா. பரணோ நகரத்து வீடுகளில் உடைந்த சாமான் போடும் இடம். மலைபடுகடாம் காவற்பரணைக் ‘கழுது’ என்கிறது. கழுதுக்குப் பேய் என்றும் பொருள் உண்டு; இரண்டும் இங்கே கூடிவருகின்றன.

----
கூடிவரக் கூடாது, அம்மா. பிறர் தம் முன்னோரைக் கிடத்திய இடத்துக்குப் பேயின் பெயரை நாம் சூட்டலாகாது. படிப்பவரில் எத்தனை பேருக்குக் கழுது தெரியும்?

> ஈமப்பொருள்

இதை விடாதீர்கள். கல்லறைப் பொருள்களை உரிய குடிகளிடம் திருப்பித் தரச் சொல்லும் 1990ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், இறந்தபோது வைத்ததையும் பிறகு வைத்ததையும் சேர்த்தே பேசுகிறது. இதற்குப் பதில் ‘உடைமை’ என்று எழுதினால் இறந்தவருடையது மட்டும் என்றாகும். உறவினர் வைத்தது விடுபடும். அவருடையது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் உடைமை என்று எழுதுங்கள்.

இன்னொன்று: குறிப்பில் நிறம் எழுதாதீர்கள். அக்காலத்து ஈரக் கொலோடியன் தகடு (படம் பிடிக்க ஈரப் பூச்சுப் பூசிய கண்ணாடி) நீல ஒளியை மட்டுமே நன்றாக வாங்கும். சிவப்புக் கம்பளி கறுப்பாக விழும், நீலமணி வெளுத்துவிடும், வானம் வெறும் வெள்ளையாகும். வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்த தகடு காய்வதற்குள், ஏறக்குறைய பத்து நிமிடத்தில், எடுத்துக் கழுவியாக வேண்டும். ஒளி வாங்கப் பல நொடி ஆவதால் காற்றில் ஆடும் துணி புகைபோல் கலங்கித் தெரியும். அதைப் பார்த்துக் ‘கந்தல்’ என்று எழுதிவிட்டால் பெரும் பிழை.

----
நிறங்களை எடுத்துவிட்டேன். ‘கறுப்புத் துணி’ இரண்டு இடத்தில் இருந்தது. நால்வர் ‘பரண் அடக்கம்’ என்கிறார்கள். அதுவே அச்சுக்குப் போகிறது. ‘ஈமப்பொருள்’ அப்படியே நிற்கிறது.

----
போகட்டும். ஆனால் மண்ணே தொடாத உடலுக்கு ‘அடக்கம்’ என்பதை நான் ஏற்கவில்லை. மறுபதிப்பில் ‘பரணேற்றல்’ என்பதையாவது பாருங்கள்.