பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தால் பயம் வருமா?

இராப்பூச்சி:
போன வாரம் இங்கே ஒருவர், “வடிவத்தில் சோதனை செய்யும் திகில் நாவல்கள் எல்லாம் வெறும் அச்சு வித்தை, பயம் என்பதே கிடையாது” என்று எழுதியிருந்தார். அதை மறுக்கத்தான் இந்தத் தனி இழை. என் பேச்சு முழுக்க ஒரே நாவலைச் சுற்றித்தான்: மார்க் டேனியலெவ்ஸ்கியின் ‘ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்’, 2000-இல் வந்தது.

படிக்காதவர்களுக்குக் கதை இது. நேவிட்சன் என்ற புகைப்படக்காரர் குடும்பத்தோடு வர்ஜீனியாவில் ஒரு வீட்டுக்குக் குடிவருகிறார். டேப் வைத்து அளந்தால் வீட்டின் உள்ளளவு வெளியளவைவிடக் கால் அங்குலம் கூடுதலாக வருகிறது. அப்புறம் சுவரில் ஒரு கதவு முளைக்கிறது, அதற்குப் பின்னால் முடிவே தெரியாத இருட்டு நடை. நேவிட்சன் இதைப் படமாக எடுக்கிறார். அந்தப் படத்தைப் பற்றி ஸம்பானோ என்ற பார்வையற்ற முதியவர் ஒரு பெரிய ஆய்வு எழுதிவைத்துவிட்டு இறந்துபோகிறார். லாஸ் ஏஞ்சலிஸில் பச்சை குத்தும் கடையில் வேலை பார்க்கும் ஜானி ட்ரூவன்ட் அந்தக் காகிதங்களைக் கண்டெடுத்து, அடிக்குறிப்பில் தன் கதையையும் எழுதிக்கொண்டே போகிறான். அப்படி ஒரு படமே கிடையாது என்று அவனே முதலில் சொல்லியும் விடுகிறான்.

ஒன்பதாம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஆட்கள் அந்த இருட்டுக்குள் போய் வழி தெரியாமல் அலைகிறார்கள். அடிக்குறிப்பு இன்னொரு அடிக்குறிப்புக்கு அனுப்புகிறது, அது கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. பக்கத்தின் நடுவே நீலக் கட்டத்துக்குள் ஒரு பட்டியல் ஓடுகிறது, அந்த நடையில் என்னென்ன பொருள்கள் இல்லை என்று. தாளைத் திருப்பினால் அதே பட்டியல் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி நிற்கும். ஏதோ சன்னல் வழியாக மறுபக்கம் பார்த்த மாதிரி! பின்னால் நேவிட்சன் சுருங்கிக்கொண்டே போகும் வழியில் தவழும்போது பக்கத்தில் எழுத்தும் சுருங்கிக்கொண்டே போகிறது. அவர் தொலையும்போது நாமும் தொலைகிறோம். இதை நேரான பத்திகளில் எப்படிச் செய்வது?

செங்கோடன்:
அந்த வரியை எழுதியது நான்தான். இப்போதும் அதே கருத்துதான்.

நண்பரே, நீங்கள் சொன்ன அதே ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். உள்ளே போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று மனம் பதறிக்கொண்டிருக்கும்போது பக்க ஓரத்தில் கட்டிடங்களின் பெயர்கள், கட்டிடக் கலைஞர்களின் பெயர்கள் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிறார். யாரும் அதைப் படிப்பதில்லை, கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டுகிறார்கள். பதற்றத்தில் இருக்கும் வாசகரைத் தாண்டிப் போக வைப்பது எழுத்தாளர் தன் கையாலேயே பயத்தை அணைப்பதுதான்.

ஷெர்லி ஜாக்சனின் ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ 1959-இல் வந்தது. அதில் ஓர் இரவு. இருட்டில் பக்கத்து அறையிலிருந்து குரல் கேட்கிறது, எலினார் தோழியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். விளக்கு எரிகிறது. தோழி தூரத்தில் தன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யாருடைய கை? அடிக்குறிப்பு, நிறம், கட்டம் எதுவுமே இல்லை. எந்த வாக்கியம் எதற்கு அப்புறம் வரவேண்டும் என்று தெரிந்த ஒருவர் எழுதியது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும்.

வாசுகி:
இரண்டு பேரும் இது ஏதோ புதிய பழக்கம் என்பதுபோலப் பேசுகிறீர்கள். 1897-இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில் நேராகக் கதை சொல்லும் குரல் எங்கே இருக்கிறது? நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு, கப்பலின் பதிவேடு, ஒலிப்பதிவு உருளையில் பேசிவைத்த டாக்டரின் குறிப்பு. அதற்கும் முன்னால், 1818-இல் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ வந்தது. ஒரு மாலுமியின் கடிதங்களுக்குள் ஃப்ராங்கன்ஸ்டைன் சொல்லும் கதை, அதற்குள் அவன் உண்டாக்கிய உயிர் சொல்லும் கதை. திகில் நாவல் ஆரம்பத்திலிருந்தே காகிதக் கட்டாகத்தான் வந்திருக்கிறது.

செங்கோடன்:
அக்கா, நீங்கள் சொன்னது என் வாதத்துக்குத்தான் பலம். ‘டிராகுலா’வில் மினா என்ற பெண் உட்கார்ந்து எல்லாக் குறிப்புகளையும் தட்டச்சு செய்து தேதிப்படி அடுக்குகிறாள். அதனால் வாசகருக்கு ஓர் இடத்தில்கூடக் குழப்பம் இல்லை. ஸ்டோக்கர் வடிவத்தைக் கதைக்கு வேலைசெய்ய வைத்தார். இங்கே கதைதான் வடிவத்துக்கு வேலை செய்கிறது.

இராப்பூச்சி:
செங்கோடன், நல்ல இடத்தைத் தொட்டீர்கள். நான் சொல்ல வந்ததே இதுதான்.

‘டிராகுலா’வில் அந்த அடுக்குதல் என்ன சாதாரண எழுத்தர் வேலையா? அதுதான் அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். தனித்தனியாக அவரவர் பார்த்தது அவரவருக்கே விளங்கவில்லை. ஒன்றாக அடுக்கிய பிறகுதான் எதிரி யார், எங்கே ஒளிந்திருக்கிறான் என்று புரிகிறது. அது டிராகுலாவுக்கும் தெரியும். அதனால்தான் வீட்டுக்குள் புகுந்ததும் கையெழுத்துப் பிரதியையும் அந்த உருளைகளையும் தீயில் போடுகிறான். இன்னொரு பிரதி பெட்டகத்தில் பத்திரமாக இருந்ததால் தப்பித்தார்கள். காகிதங்களைச் சரியாக அடுக்கினால் அரக்கனை வெல்லலாம் என்பது அந்த நாவலின் நம்பிக்கை.

‘ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்’ கை வைப்பது அந்த நம்பிக்கையில்தான். இங்கே அடுக்குகிறவன் ஜானி. ஆரம்பத்தில் ஓர் இடத்தில், வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று ஒரு சின்னப் பேச்சு வருகிறது. ‘வாட்டர் ஹீட்டர்’ என்று அச்சாகியிருக்கிறது. உடனே அடிக்குறிப்பில் ஜானி சொல்கிறான்: ஸம்பானோ எழுதியது ‘ஹீட்டர்’ மட்டும்தான், அன்று காலை என் அறையில் வெந்நீர் வரவில்லை, அதனால் ‘வாட்டர்’ என்பதை நான் சேர்த்தேன். ஒரே ஒரு சொல்தான். ஆனால் அதற்கப்புறம் எந்த வரியை நம்பிப் படிப்பீர்கள்? எது முதியவர் எழுதியது, எது இவன் நுழைத்தது என்று கடைசிவரைக்கும் தெரியாது. இந்த நாவலை எடுத்து, மினா செய்ததுபோலத் தேதிப்படி ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தால் பயம் அதோடு போய்விடும். வடிவம் கதைமேல் போட்ட அலங்காரமாக இருந்தால் அடுக்கிய பிறகும் கதை அப்படியே நிற்க வேண்டுமே!

பனைமரத்தடி:
நான் செங்கோடன் பக்கம், ஆனால் என் காரணம் வேறு. இப்படிப்பட்ட புத்தகங்கள் வாசகரைத் துப்பறிபவராக மாற்றிவிடுகின்றன. வண்ணப் பதிப்பில் ‘வீடு’ என்ற சொல் வரும் இடமெல்லாம் நீலம், மினோட்டார் (கிரேக்கக் கதையில் புதிர்வழிக்குள் அடைபட்ட காளைத்தலை அரக்கன்) பற்றிய பகுதிகள் சிவப்பில் அடித்துக் கிடக்கும். ஏன் நீலம், ஏன் சிவப்பு என்றுதான் இதைப் பற்றிய பேச்சு முழுக்கப் போகிறது. பயந்தேன் என்று சொல்பவரைவிடக் கண்டுபிடித்தேன் என்று சொல்பவர்தான் அதிகம். பின்னிணைப்பில் ஜானியின் அம்மா மனநல விடுதியிலிருந்து எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் கூட்டிப் படிக்கவேண்டிய சங்கேதக் கடிதம். பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டிருப்பவருக்கு எங்கிருந்து பயம் வரும்?

வாசுகி:
எனக்கு அந்தக் கடிதத்தில்தான் வந்தது. பென்சிலோடுதான் உட்கார்ந்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் பொருளே இல்லாத சொற்குவியல். எழுத்தெழுத்தாகக் கூட்டினால், அந்த விடுதியில் தன்மீது நடக்கும் பாலியல் வன்முறையை அந்த அம்மா மகனுக்குச் சொல்கிறாள். அடுத்த எழுத்து என்னவாக இருக்கும் என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் நானே என் கையால் அதை எழுதவேண்டியிருந்தது. நேராக எழுதியிருந்தால் ஒரு நிமிடத்தில் படித்து முடித்திருப்பேன். அதோடு, இது உண்மையா, அவளுடைய நோய் சொல்வதா என்பதற்கும் பதில் கிடையாது. துப்பறிபவருக்குக் கடைசியில் விடை கிடைக்கும், பனைமரத்தடி. எனக்குக் கிடைக்கவில்லை.

செங்கோடன்:
அந்தக் கடிதத்தின் வலிமையை நான் மறுக்கவில்லை அக்கா. ஆனால் அது சில பக்கங்கள்தான். அதற்காக 700 பக்கம் தாண்டும் புத்தகத்தை இந்தப் பாரத்தோடு சுமக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஜானியின் ‘வாட்டர்’ பற்றி இராப்பூச்சி சொன்னதும் சரிதான், ஆனால் அந்த அடிக்குறிப்பு எப்படி இருக்கிறது? சாதாரணமான, நேரான உரைநடை. பக்கத்தைச் சுழற்றாமலேயே அது வேலை செய்கிறது. அந்தப் புத்தகத்தில் பயமுறுத்துவது பொய் சொல்லும் ஆள்தான். சுழலும் எழுத்துக்கு அதில் பங்கு குறைவு.

புதியவள்:
இவ்வளவு படித்த பிறகு வாங்காமல் இருக்க முடியவில்லை. எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்லுங்கள். அடிக்குறிப்பு வரும்போதெல்லாம் கீழே போகவேண்டுமா, அத்தியாயத்தை முடித்துவிட்டுப் போகலாமா?

செங்கோடன்:
முதல் தடவை நேவிட்சன் கதையை மட்டும் ஒரே ஓட்டமாகப் படியுங்கள். பிடித்திருந்தால் ஜானியிடம் வாருங்கள்.

இராப்பூச்சி:
வேண்டாம், வரும் இடத்திலேயே போங்கள். முக்கியமாக ஐந்தாம் அத்தியாயத்தில் பதிப்பாசிரியர்கள் பேரில் ஒரு குறிப்பு வரும், ஜானியைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இப்போதே பின்னிணைப்பில் அவன் அம்மாவின் கடிதங்களைப் படிக்கலாம் என்று. அங்கே போய்விட்டுத் திரும்பினால் ஒரு ஜானி, போகாமல் தொடர்ந்தால் வேறொரு ஜானி. நான் போனேன்.

வாசுகி:
நான் போகவில்லை. கடிதங்களைக் கடைசியில்தான் படித்தேன், புதியவள். சங்கேதக் கடிதத்துக்கு மட்டும் பகல் நேரமாகப் பார்த்து உட்காருங்கள்.