டுலூத்ல ஜனவரி குளிர்ல குடும்பத்தோட கப்பல் போட்டோ எடுக்கப் போன அனுபவம்

மினியாபொலிஸ்ல இருந்து ரெண்டரை மணி நேர டிரைவ்தான் டுலூத், அமெரிக்காவுல சுப்பீரியர் ஏரிக்கரையில இருக்கிற துறைமுக ஊர், ஆனா எல்லாரும் கோடையிலயும் இலை நிறம் மாறுற சீசன்லயும்தான் போறாங்க. போட்டோ ஆசை இருக்கவங்க ஜனவரி முதல் வாரத்துல ஒரு தடவை கண்டிப்பா போங்க. ஏன்னா கீழ இருக்கிற ஏரிகள்ல இருந்து கப்பலுங்க ஏறி வர்ற மடையான சூ லாக்ஸ் ஜனவரி 15 மூடிட்டா மார்ச் 25 வரைக்கும் சுப்பீரியர் ஏரிக்கு வெளியில இருந்து கப்பல் வராது, மூடுறதுக்கு முன்னாடி கடைசி லோடு ஏத்த வர்ற கப்பலுங்க உறைஞ்சுபோய் வரும் பாருங்க, அது கோடையில கிடைக்காது.

நாங்க போனப்ப மைனஸ் 25 செல்சியஸ். வீட்டுக்காரர், பொண்ணு, அப்புறம் ஊர்ல இருந்து வந்திருந்த என் மாமனார். அவர் தூத்துக்குடி துறைமுகத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், இந்தக் குளிர்ல வேணாம் மாமா ஹோட்டல்லயே இருங்கன்னா கேக்கவே இல்ல, கப்பல் வருதுன்னா நான் வராம எப்படிம்மான்னு குரங்குக் குல்லாவ மாட்டிக்கிட்டு முன்னாடி வந்து நிக்கிறார்.

கப்பல் துறைமுகத்துக்குள்ள நுழையுற கால்வாய்க் கரையில இருக்கிற கெனால் பார்க்ல எட்டு மணிக்கு சூரியன் வர்றப்போ சுப்பீரியர் ஏரி பூரா ஆவி பறக்குது. தண்ணி பூஜ்யத்துக்கு கொஞ்சம் மேல, காத்து அதைவிட ரொம்பக் கீழ, அதனால மேல வர்ற ஈரம் அப்படியே புகையாயிடுது, சீ ஸ்மோக்னு சொல்வாங்க. வெயில் பின்னாடி இருந்து விழுந்ததும் எல்லாம் ஆரஞ்சு. அந்தப் புகைக்குள்ள இருந்து ஒரு கப்பல் மெல்ல வெளிய வருது, முகப்பு பூரா ஐஸ் தொங்குது, நங்கூரம் எங்கன்னே தெரியல. மாமா பார்த்த உடனே "காலியாத்தான் வருது பாரும்மா, தண்ணிக்கு மேல எவ்ளோ தூக்கலா நிக்கி"ன்னார். கரெக்ட்தான், இரும்புத்தாது ஏத்த வர்ற கப்பல்!

கால்வாய் மேல இருக்கிறது 1905ல கட்டின பாலம், அப்ப தொங்குற தொட்டில்ல ஆளையும் வண்டியையும் அக்கரைக்குக் கடத்துச்சு, 1930ல இருந்துதான் நடுப்பகுதி மொத்தமா மேல தூக்குற மாதிரி. கப்பல் ஹாரன் அடிச்சுது, பாலமும் அதே மாதிரி திருப்பி அடிச்சுது, நெஞ்சுக்குள்ள அதிருது. கால்வாய் அகலமே 300 அடிதான், அதனால கிட்டக்க வர்ற கப்பல் வைடு லென்ஸ்லயே முழுசா அடங்கல. மேல நின்ன மாலுமி ஒருத்தர் கையசைச்சார், மாமா ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினார். எனக்கு அந்த ட்ரிப்லயே பிடிச்ச படம் அதுதான், கப்பல் பாதி, மாமாவோட கை பாதி.

போறவங்களுக்கு: ஸ்பேர் பேட்டரிய உள்சட்டைப் பாக்கெட்ல வையுங்க, வெளிய இருந்தா சட்டுனு இறங்கிடும். பனியப் பார்த்து கேமராவோட வெளிச்ச மீட்டர் ஏமாந்து படம் சாம்பலா வரும், எக்ஸ்போஷர் ஒரு ஸ்டாப் ஏத்துங்க. ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடியே கேமராவ ஜிப்லாக் கவர்ல போட்டு மூடிடுங்க, இல்லன்னா லென்ஸ் பூரா வேர்த்துடும். கால்வாய்ச் சுவர் மேல ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கும், பூட்ஸ்ல மாட்டுற முள்ளு இல்லாம பெரியவங்கள கூட்டிட்டுப் போகவே போகாதீங்க.

அடுத்து நவம்பர் 10 ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கம் போகணும், 1975ல இந்த ஏரியில எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டுங்கிற கப்பலோட மூழ்கின 29 பேருக்காக அன்னைக்கு விளக்கு ஏத்துவாங்க. மாமா அதுக்குள்ள ஊருக்குக் கிளம்பிடுவார், வீடியோ கால்ல காட்டணும்னு இப்பவே சொல்லி வச்சிருக்கார்.