"வேக மருந்து" வேண்டாம், "நின்றெரி மருந்து" என்று வைப்போம்

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

கையால் தோட்டா அடைக்கும் கையேட்டுக்கான சொற்களில் முக்கால்வாசி முடிந்துவிட்டன. முழுப் பொருளுக்குத் தோட்டா, அதிலிருந்து பறந்து போகும் உலோகத்துக்குச் சன்னம், பித்தளைக்குக் கூடு. தமிழ்நாட்டில் நாம் சன்னத்தையும் குண்டு என்போம், வெடிகுண்டையும் குண்டு என்போம். யாழ்ப்பாணத்து அண்ணர் 'சன்னம்' என்று எடுத்துக் கொடுத்த பிறகு அந்தக் குழப்பம் தீர்ந்தது. கூட்டின் அடியில் அடி வாங்கித் தீப்பற்றும் சின்ன மூடிக்குப் 'பொட்டு' என்றதும் எனக்குப் பிடித்திருக்கிறது. பொட்டு வெடியைக் கல்லால் தட்டி விளையாடிய யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கைக்குத்தல் அரிசி மாதிரி கையடைப்புத் தோட்டா. சரி, இவற்றில் எனக்கு மறுபேச்சு இல்லை.

இப்போது எழுதுவது மருந்தைப் பற்றி, கூட்டுக்குள் எரிந்து சன்னத்தைத் தள்ளும் பொடியைத்தான் சொல்கிறேன்.

> ஃபாஸ்ட் பவுடர், ஸ்லோ பவுடர் இரண்டையும் வேக மருந்து, மெது மருந்து என்று வைத்துவிடலாமே. எல்லோருக்கும் உடனே புரியும்.

தப்பாகப் புரியும், அண்ணா. அதுதான் என் கவலை. முதல் வரைவில் நானும் இப்படித்தான் எழுதியிருந்தேன். தரை அணில் மாதிரிச் சின்ன விலங்கை 250, 300 கஜத்தில் சுட வேண்டும், அதற்குச் சன்னம் நல்ல வேகத்தில் போக வேண்டும் என்று ஒரு பத்தி. அடுத்த பக்கத்தில் மருந்துப் பட்டியல், மேலே 'வேக மருந்துகள்', கீழே 'மெது மருந்துகள்'. படித்துப் பார்த்த என் மைத்துனர் கேட்டார்: "அப்போ பட்டியலில் முதலில் இருப்பதைத்தானே எடுக்கணும்?" முதலில் இருந்தது புல்ஸ்ஐ, கைத்துப்பாக்கிக்கான மருந்து. அதை ரைஃபிள் கூட்டில் நிரப்பிச் சுட்டால் துப்பாக்கி சுடுபவரின் முகத்தருகே வெடிக்கும். அவர் கேட்டதில் தவறு இல்லை. நான் வைத்த சொல் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

இந்த 'வேகம்' மருந்து எரிவதன் வேகம், சன்னத்தின் வேகம் அல்ல. பல நேரங்களில் இரண்டும் எதிரெதிராகவே போகின்றன. சீக்கிரம் எரிந்து தீரும் மருந்து, சன்னம் கூட்டை விட்டுச் சரியாகக் கிளம்புவதற்குள் வாயுவை எல்லாம் கக்கிவிடுகிறது. அழுத்தம் ஒரேயடியாக உச்சிக்கு ஏறுகிறது, பிறகு தள்ள ஒன்றும் மிஞ்சுவதில்லை. மெதுவாக எரிவது, சன்னம் குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வருகிறது. .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன் என்ற இரண்டு ரைஃபிள் தோட்டாக்களுக்கும் சன்னத்தின் விட்டம் ஒன்றே, 0.224 அங்குலம். ஆனால் இரண்டாவதன் கூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கொள்ளும். அவ்வளவு மருந்தையும் அதே ஒடுக்கமான குழல் வழியே தள்ள வேண்டுமென்றால் பொறுமையாக எரியும் மருந்துதான் வேண்டும். அதனால்தான் .223 அடைப்பவர்கள் எச் 335 என்ற மருந்தின் பக்கம் போகிறார்கள், .22-250 அடைப்பவர்கள் எச் 380 என்ற மருந்தின் பக்கம் போகிறார்கள். இரண்டில் மெதுவாக எரிவது 380. சன்னத்தை அதிக வேகத்தில் அனுப்புவதோ .22-250. 'வேக மருந்து' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதைப் புதியவர் ஒருவருக்கு எப்படி விளக்குவது?

இதற்கான சொல் எங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருந்தது. நெல் அவிக்கும் நாளில் அப்பத்தா பனையோலையைப் பற்றவைக்கத்தான் எடுக்கும். பற்றியதும் கருவேல விறகைத் தள்ளிவிடும். "ஓலை சட்டுனு போயிரும், கருவைதான் நின்னு எரியும்" என்று சொல்லும். நின்று எரிவது. அடுப்பு மூட்டிய எல்லாருக்கும் தெரிந்த சொல் இது. அதில் வேகமும் இல்லை, வலுக்குறைவும் இல்லை. எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்து எரிகிறது என்பது மட்டுமே இருக்கிறது. ஸ்லோ பவுடர் என்பவர்கள் சொல்ல வருவதும் அதுதான்.

ஆகவே என் முன்வைப்பு: ஸ்லோ என்பதற்கு நின்றெரி மருந்து, ஃபாஸ்ட் என்பதற்குச் சட்டெரி மருந்து. 'குப்பெரி' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உயிருள்ள சொல்தான், ஆனால் வேகமாக வாசித்தால் குப்பை எரிப்பது போல் இருக்கிறது.

> நின்றெரி பேச்சுவழக்கு வாடை அடிக்கிறது. மெல்லெரி, விரைவெரி என்றால் இலக்கணமாகவும் இருக்கும், இணையாகவும் இருக்கும்.

ஐயா, இலக்கணத்தில் நின்றெரியும் பிழையில்லாமல்தான் புணர்கிறது. மெல்லெரியில் எனக்குள்ள தயக்கம் வேறு. 'மெல்ல' என்றதும் வலுக்குறைந்தது, ஆபத்தில்லாதது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அப்புறம் "மெல்லெரிதானே, கொஞ்சம் கூட வைத்தால் என்ன" என்று தோன்றும். .223க்கு ஏற்கப்பட்ட உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. அங்கே 'கொஞ்சம் கூட' என்ற பேச்சுக்கு இடமில்லை. இன்னொன்று, இந்த வகைப்பாடு எப்போதும் ஒப்பீடுதான். "335ஐவிட 380 கூடுதலாக நின்றெரியும்" என்று வினையாகவும் சொல்ல முடிகிறது. மெல்லெரியை வைத்து அப்படி ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்.

எரிவேகப் பட்டியலுக்கும் வேறு பெயர் வேண்டும். அந்தப் பட்டியல் எதையும் எண்ணால் அளந்து சொல்வதில்லை. எது முன்னே, எது பின்னே என்று நிறுத்தி வைப்பதோடு சரி. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மருந்துகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்பது அதில் இல்லை. கூடும் சன்னமும் மாறினால் வரிசையே கொஞ்சம் மாறும். ஆகவே பக்கத்து மருந்தின் அளவை இதற்கு எடுத்துக்கொள்ளவே கூடாது. 'எரிவேகம்' என்றால் வாசகர் கணக்குப் போடத் தொடங்குவார். 'எரிவரிசை' என்றால் வரிசையாக மட்டுமே பார்ப்பார்.

வெறும் 'மருந்து' போதுமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். முதல் முறை வரும்போதாவது போதாது. இலங்கையில் இடியன் துவக்கு என்பார்களே, வாய்வழி இடித்து அடைப்பது, அதில் போடுவது கரிமருந்து. அதைக் கொள்ளளவால் அளந்து போடும் பழக்கம் உண்டு. 1884இல் பிரான்சில் பால் வியேய் உருவாக்கிய புகையிலா மருந்து முற்றிலும் வேறு பொருள். பழைய கைப்பழக்கத்தில் அதை அதே அளவு போட்டால் குழல் தாங்காது. புகையிலா மருந்து தமிழ்நாட்டுக்கும் அந்நியமில்லை. நீலகிரியில் அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலை 1903இல் தொடங்கியது. 'கார்டைட்' அங்கே ஊர்ச்சொல் ஆகிவிட்டது. ஆனால் அது ஒரு வகையின் பெயர், பொதுப்பெயராக வைக்க முடியாது. கரிமருந்து, புகையிலா மருந்து என்று பிரித்தே எழுதுவோம்.

எடையின் பெயருக்கு வருகிறேன். மருந்தையும் சன்னத்தையும் நிறுப்பது கிரெய்ன் என்ற ஆங்கில அலகில். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன், ஒரு கிராமுக்கு 15.43 கிரெய்ன். கிரெய்னுக்கு 'நெல்லெடை' என்று வைத்தால் அழகான சொல்தான், நம் பழைய வாய்பாட்டிலும் இருக்கிறது. ஆனால் அந்த வாய்பாட்டில் 4 நெல்லெடை ஒரு குன்றிமணி. ஒரு குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெய்ன். அதாவது நெல்லெடை என்பது அரை கிரெய்ன்தான். வாய்பாடு தெரிந்தவர் ஒரு பொருளிலும் தெரியாதவர் வேறு பொருளிலும் எடுத்துக்கொண்டால், ஒருவருடைய கூட்டில் மருந்து பாதியாகிவிடும். 'கிரெய்ன்' என்றே வைப்போம். 'கி.' என்று சுருக்கவும் வேண்டாம், கிராமுக்கும் அதுதான் சுருக்கம். மருந்தின் துணுக்கையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால்தான் குறிக்கிறார்கள், அதற்கு 'மணி' என்று வைத்தால் சிக்கல் விலகும்.

மணி என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. தெற்கு டகோட்டாவில் என்னோடு வேலை பார்ப்பவர் தன் கொட்டகையில் இரண்டு வகை மருந்தை வெள்ளைத் தாளில் கொஞ்சமாகக் கொட்டிக் காட்டினார். 335 உருண்டையானது, கசகசாவைப் போலப் பொடியாக உருண்டு ஓடியது. ஐ.எம்.ஆர் 4198 என்ற இன்னொரு மருந்து துடைப்பக் குச்சியைச் சின்னஞ்சிறிதாக நறுக்கிப் போட்ட மாதிரி இருந்தது. இரண்டும் கிராஃபைட் பூச்சில் ஒரே சாம்பல் பளபளப்பு. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது குச்சியின் நடுவில் ஒரு துளை. வெளிப்பக்கம் எரிந்து தேயத் தேய உள்துளை விரிகிறது, அதனால் எரியும் பரப்பு பெரிதாகக் குறையாமல் இருக்கிறது. நின்று எரிவதில் இந்த வடிவத்துக்கும் மேற்பூச்சுக்கும் பங்கு உண்டு. முதல் மருந்தை அதன் டப்பாவில் திருப்பிக் கொட்டி மூடி, அலமாரியில் வைத்த பிறகே அடுத்த டப்பாவை மேசைக்குக் கொண்டுவந்தார். ஒரு நேரத்தில் மேசையில் ஒரே டப்பாதான். உருண்டை மணி, குச்சி மணி என்ற பெயர்கள் அந்தத் தாளைப் பார்த்தபோது தோன்றியவை, தட்டைத் துணுக்குக்குச் சில்லு மணி என்பதும் அதே வழியில்தான்.

சன்னத்துக்கு இன்னும் இரண்டு சொல். தரை அணில் மாதிரிச் சின்ன விலங்கு வேட்டைக்கான சன்னங்கள் பெரும்பாலும் 40 முதல் 55 கிரெய்ன், செப்பு உறை மெல்லியது, பட்டதும் சிதறிவிடும். தரையில் பட்டுத் தெறித்து எங்கோ போய் யார்மீதும் படக் கூடாது என்பது அதில் ஒரு முக்கிய நோக்கம். 'சிதறு சன்னம்' போதும். குழலின் உள்வரிச் சுழலுக்குப் 'புரி' என்கிறேன், கயிற்றுப் புரி போலத்தான். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 12 அங்குலப் புரி. விநாடிக்கு 3,200 அடி வேகத்தில் போகும் சன்னம் அந்தப் புரியில் நிமிடத்துக்கு 1,92,000 சுற்று சுழலும். 7 அங்குலப் புரியில் அதுவே சுமார் 3,29,000. மெல்லிய உறை அந்தச் சுழற்சியைத் தாங்காமல் பாதி வழியிலேயே பிய்ந்து போவதுண்டு. ஆகவே சிதறு சன்னம் என்ற பதிவின் கீழேயே புரியையும் பார்க்கச் சொல்லிக் குறிப்பு வேண்டும்.

மருந்துப் பத்தியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "சன்னத்தின் எடையும் கூட்டின் கொள்ளளவும் கூடக் கூட, நின்றெரியும் மருந்தே பொருந்தும். எரிவரிசை மருந்துகளின் முன்பின் நிலையை மட்டுமே காட்டும். மருந்தளவை அந்த மருந்தைத் தயாரிப்பவர் வெளியிட்ட அட்டவணையிலிருந்து, அதே சன்னத்துக்கு உரிய தொடக்க அளவிலிருந்து எடுக்க வேண்டும்."

'மருந்தளவு' என்றதும் சிலருக்கு மருத்துவர் நினைவு வரும். அது இருக்கட்டும் என்றே தோன்றுகிறது, அளவு தப்பக் கூடாது என்ற எண்ணமும் கூடவே வருகிறது. சட்டெரிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். நின்றெரியை மட்டும் மாற்றாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.