பத்திர வரைவு தட்டச்சிட, விசையுள்ள கைப்பேசி வாங்கலாமா?

கேள்வி: பத்திர எழுத்தர், கோபிசெட்டிபாளையம்

அனைவருக்கும் வணக்கம். தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேர்ச்சி பெற்று, பல ஆண்டுகளாகப் பத்திரம் எழுதும் தொழிலில் இருக்கிறேன். அலுவலகக் கணினியில் பழைய தட்டச்சுப் பொறியின் எழுத்து வரிசையிலேயே, விசைப்பலகையைப் பார்க்காமல் அடித்துவிடுவேன். சிக்கல் எல்லாம் வெளியில்தான். நிலத்தைப் பார்க்கப் போகும்போது கட்சிக்காரர் வரப்பில் நின்றபடி நான்கெல்லையும், கிணற்றுப் பாத்தியமும், வண்டித்தட உரிமையும் சொல்லிக்கொண்டே போவார். அதை அங்கேயே கைப்பேசியில் அடித்து அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியிருக்கிறது.

தொடுதிரையில் ஒவ்வோர் எழுத்துக்கும் கண்ணைத் திரையில் வைத்திருக்க வேண்டியுள்ளது. பார்க்காமல் அடித்தால் அடுத்த எழுத்து விழுகிறது. அதைவிட மோசம், கைப்பேசி தானாகச் செய்யும் திருத்தம். சென்ற வாரம் ‘தென்புறம் இட்டேரி’ என்று அடித்தது ‘தென்புறம் இட்டேன்’ என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள பாதை) இல்லாத எல்லை விவரம் அபூர்வம் என்பது உங்களுக்குத் தெரியும்.

முன்பு நோக்கியா இ63 வைத்திருந்தேன். அதன் விசைகளில் ஆங்கிலக் குறுஞ்செய்தியைப் பார்க்காமலே அடிக்க முடிந்தது. அதைப் போல விசையுள்ள கைப்பேசி இப்போது கிடைக்கிறதா, அதில் தமிழ் ஒழுங்காக வருமா என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கைப்பேசி பழுதுநீக்குபவர், திருப்பூர்

வணக்கம் ஐயா. பழைய இ63ஐத் தேடிப் பிடித்தாலும் பயன் இல்லை; அந்த வகை நோக்கியாக்களில் வாட்ஸ்அப் 2017இலேயே நின்றுவிட்டது. விசையுள்ள கைப்பேசிகளில் பேர்பெற்ற பிளாக்பெர்ரியின் கடைசி மாதிரி 2018இல் வந்த கீ2 வரிசை. அதைத் தயாரித்து வந்த டிசிஎல் நிறுவனம் 2020 ஆகஸ்டுடன் விலகிக்கொண்டது. பிளாக்பெர்ரியின் சொந்த இயங்குதளத்தில் ஓடிய இன்னும் பழைய கைப்பேசிகளுக்கான சேவைகளும் 2022 ஜனவரி 4ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டன. இப்போது யூனிஹெர்ட்ஸ் நிறுவனத்தின் டைட்டன் வரிசை ஆண்ட்ராய்டில் வருகிறது. ஐபோனுக்கு உறையோடு சேர்ந்த விசைப்பலகையாக கிளிக்ஸ் என்று ஒன்று 2024இல் வந்தது. இவற்றைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்க வேண்டும். பழுதானால் உதிரிபாகத்துக்கு எங்களைப் போன்றவர்கள் கையை விரிக்க வேண்டியதுதான்.

பழைய கீ2 செகண்ட்ஹேண்டில் கிடைத்தால் வாங்கலாமா என்று என்னிடமும் சிலர் கேட்கிறார்கள். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் கொண்டுவந்த கைப்பேசியில் விசைகளின் அடியில் பஞ்சுத்தூசி மெத்தை போலப் படிந்து, ஒருமுறை அழுத்தினால் எழுத்து இரண்டாக விழுந்தது. உங்களுக்குப் பஞ்சுக்குப் பதிலாகப் புழுதி, அவ்வளவுதான் வேறுபாடு.

பதில்: தட்டச்சுப் பயிலக ஆசிரியை, ஈரோடு

ஐயா, கைப்பேசி கிடைக்குமா என்பதைவிட, கிடைத்தால் அதில் தமிழ் அடங்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி என்று அதற்கு 31 விசைகள் தேவை. ஆங்கில எழுத்து விசைகள் 26தான். மீதி ஐந்தும் கணினி விசைப்பலகையின் வலது ஓரத்தில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு ஆகியவற்றின் விசைகளில் அமர்ந்துள்ளன. அந்த ஐந்து எழுத்துகள் ச, ஞ, ந, ய, ழ. பிளாக்பெர்ரி போன்ற சிறிய விசைப்பலகையில் அந்த ஐந்து விசைகளும் கிடையாது. ஆகவே புஞ்சை, நஞ்சை என்ற சொற்களுக்கே ஒவ்வொரு முறையும் வேறொரு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டி வரும். நீங்கள் பழகிய பழைய தட்டச்சு வரிசை இதைவிடவும் இடம் கேட்கும். துணையெழுத்துகளுக்கும் அதில் தனி விசைகள் உள்ளன.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் பார்க்காமல் அடிப்பது பத்து விரலும் தத்தம் இடத்தில் அமர்ந்திருப்பதால். கட்டைவிரல்கள் இரண்டால் அடிக்கும் கைப்பேசி விசைகளில் அந்தப் பயிற்சி அப்படியே உதவாது. விசையின் மேட்டை விரல் உணரும் என்பது உண்மைதான், அது மட்டுமே அங்கு மிச்சம்.

மறுமொழி: பத்திர எழுத்தர், கோபிசெட்டிபாளையம்

டீச்சரம்மா, அந்த ஐந்து எழுத்து விவரத்தை நான் யோசித்திருக்கவில்லை, நன்றி. திருப்பூர்த் தம்பிக்கும் நன்றி. அப்படியானால் தொடுதிரையையே வைத்துக்கொண்டு இந்தத் திருத்தும் தொல்லையை மட்டும் போக்க வழி உண்டா? குரலில் சொல்லி எழுத வைக்கலாம் என்றும் ஒருவர் கூறினார்.

பதில்: மென்பொருள் சோதனையாளர், கோவை

உண்டு ஐயா. திரையில் விரல் பட்ட இடத்தை மட்டும் வைத்துக் கைப்பேசி எழுத்தை முடிவு செய்வதில்லை. அதற்கு முன் நீங்கள் அடித்தவற்றைக் கொண்டு, அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்றும் கணக்கிட்டு, இரண்டையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறது. விரல் நுனியைவிட விசையின் படம் சிறியது என்பதால் இந்த ஊகம் இல்லாமல் கண்ணாடியில் வேகமாக அடிக்கவே முடியாது. செய்தித்தாள் தமிழுக்கு இது நன்மை செய்யும். ஊர்ப்பெயர், ஆட்பெயர், இட்டேரி போன்ற வட்டாரச் சொற்கள் ஆகியவற்றில் ஊகம் எதிராகத் திரும்பிவிடுகிறது. விசைப்பலகைச் செயலியின் அமைப்புகளில் தானியங்கித் திருத்தத்தை முடக்கிவிட்டு, பரிந்துரைப் பட்டையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் தொட்டால்தான் சொல் மாறும். அடிக்கடி வரும் சொற்களை அதே இடத்தில் உள்ள சொந்த அகராதியில் சேர்த்துவிடுங்கள். விசை தொடும்போது அதிர்வு வரும்படி வைத்தால் எழுத்து விழுந்ததா என்ற ஐயமாவது தீரும். எந்த எழுத்து என்பதை அது சொல்லாது.

செல்லினம் செயலியில் தமிழ்99 வரிசை திரையிலேயே உள்ளது. அதில் புள்ளியைப் பெரும்பாலும் நீங்கள் இட வேண்டியதில்லை. சத்தியமங்கலம் என்ற சொல்லில் மூன்று புள்ளிகள் இருந்தாலும், த இருமுறை வரும்போதும், ங-வை அடுத்துக் க வரும்போதும் புள்ளி தானே விழும். கடைசி ம்-க்கு மட்டும் புள்ளி விசையைத் தொட்டால் போதும், மொத்தம் பதினோரு தொடுகை. வரிசை நெருக்கமாகத் தெரிந்தால் கைப்பேசியைக் குறுக்காகத் திருப்பிப் பிடியுங்கள்.

குரல்வழித் தட்டச்சு தமிழுக்கு 2017இலேயே கூகுள் விசைப்பலகையில் வந்துவிட்டது. வருகிறேன், போகிறேன் என்ற செய்திக்கு நன்றாகவே எழுதும். சர்வே எண்ணையும் உட்பிரிவையும் அதை நம்பிச் சொல்ல மாட்டேன். கட்சிக்காரரின் சொத்து விவரத்தை நாலு பேர் காதில் விழும்படி உரக்கச் சொல்வதும் உங்கள் தொழிலுக்குப் பொருந்தாது.

வரைவு பத்து வரிக்கு மேல் போனால், புளூடூத் விசைப்பலகை ஒன்றை வண்டிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது அலுவலகத்தில் சும்மா கிடக்கும் யூஎஸ்பி விசைப்பலகையை, கைப்பேசியோடு அதைச் சேர்க்க உதவும் ஓடிஜி கம்பியில் இணைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு காசு செலவிடுங்கள். இணைத்ததும் ஆங்கிலம் மட்டும் விழுந்தால் பயப்பட வேண்டாம். கீமேன் செயலியை நிறுவி, அதற்குள் தமிழ்99ஐ இறக்கி, கைப்பேசியின் இயல்பு விசைப்பலகையாக அதையே அமைத்தால் வெளி விசைகளிலும் தமிழ் வரும். என் கைப்பேசியில் இப்படித்தான் ஓடுகிறது. மடக்கும் வகைகளில் பலவற்றில் வலது ஓர விசைகளைச் சுருக்கியோ இடம் மாற்றியோ விடுகிறார்கள். டீச்சரம்மா சொன்ன ச, ஞ, ந, ய, ழ இருக்கும் இடம் அதுதான் என்பதால், கடையில் பெட்டியைத் திறந்து அந்த ஐந்து விசைகளையும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

மறுமொழி: பத்திர எழுத்தர், கோபிசெட்டிபாளையம்

திருத்தத்தை முடக்கிவிட்டேன், இட்டேரி இப்போது இட்டேரியாகவே நிற்கிறது. அலுவலக விசைப்பலகையைக் கம்பியில் இணைத்துக் கீமேனும் போட்டாயிற்று, தமிழ் விழுகிறது. தமிழ்99 வரிசைதான் கைக்கு இன்னும் வரவில்லை. கணினியில் பழைய வரிசை, கைப்பேசியில் புதிய வரிசை என்று இரண்டையும் ஒரே சமயத்தில் பழகினால் கை குழம்புமா?

பதில்: தட்டச்சுப் பயிலக ஆசிரியை, ஈரோடு

முதலில் சில நாள் குழம்பும் ஐயா. எங்கள் பயிலகத்தில் தேர்வுக்குப் பழைய வரிசையும் வேலைக்குத் தமிழ்99உம் அடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டையும் மாற்றி மாற்றி அடிப்பவர்களைவிட, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்துக்கொள்பவர்களுக்குச் சீக்கிரம் படிகிறது. இடக்கையில் உயிர், வலக்கையில் பெரும்பாலும் மெய் என்ற பிரிவை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். பதிவுக்குப் போகும் பத்திரத்தை மட்டும், கை பழகும் வரை பழைய வரிசையிலேயே அடியுங்கள்.